கணினி எண்ணாத ஒன்பது நாள்

உள்ளறையில் பிரிண்டர் கரகரத்து ஓய்ந்தது. ஆஸ்மா நான்கு தாள்களைக் கொண்டுவந்து உம்மா ஜைனப்பின் மடியில் வைத்தாள்.

முழங்கால் அறுவை முடிந்து சிங்கப்பூரின் செங்காங் வீட்டில் ஓய்விலிருந்த ஜைனப் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எதிரே சோபா நுனியில் ஸ்ரீநாத். ஜூரோங் தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் வேலைகளின் கணக்கைக் கணினிக்கு மாற்றியவன். திட்டம் வெற்றிதானா என்ற மதிப்பீட்டு அறிக்கை திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகவேண்டும். ஊழியர் சார்பில் ஜைனப்பின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"பன்னெண்டு நாள் இழுத்த வேலை இப்ப மூணே நாள்ல முடியுதுக்கா. சிவப்புக் குறி ஒண்ணுகூட இல்ல. இதுலதான் என் காண்ட்ராக்ட் நிக்குது லா."

"எங்க வீட்டுக் குழாய்க்கே ஒரு மாசம் ஆச்சுண்ணே," ஆஸ்மா சிரித்தாள். "உங்க சாஃப்ட்வேர இங்க கொண்டாங்க!"

ஜைனப் சிரிக்கவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக அந்தத் தொழிற்சாலையில் தொழிலாளிகளின் பழுதுப் புகார்ச் சீட்டுகளை வாங்குபவள் அவள். கணினியில் ஏற்றிய நொடியிலிருந்துதான் அது நாட்களை எண்ணும். தாமதமானால் சிவப்புக் குறி. எல்லார் முன்னாலும் விசாரணை. அதனால் உதிரிப்பாகம் வரும்வரை சீட்டுகளை இழுப்பறையில் வைத்துப் பிறகு ஏற்றச் சொன்னார் சூப்பர்வைசர். அவளும் செய்தாள்.

ஏணி ஆடுகிறது என்று தொழிலாளி ஒலி முகம்மது கொடுத்த சீட்டும் அங்கே ஒன்பது நாள் கிடந்தது. பத்தாம் நாள் ஏணி முறிந்தது. அவர் இடுப்பும் முறிந்தது.

"மூணாம் பக்கம் பாருங்க தம்பி. ஏணி, ஒரே நாள்ல முடிஞ்சதுன்னு இருக்கு."

"ஆமாக்கா."

"ஒலி பாய் விழுந்ததுக்கு அப்புறம் நான் ஏத்துனது அது."

ஸ்ரீநாத் குனிந்து அந்த வரியைப் பார்த்தான். கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்? பேனா ஜைனப்பின் விரலிடுக்கில்தான் இருந்தது. ஆனால் அவள் கண்ணீர் தாளில் சொட்டி, வெற்றி என்ற எழுத்துகளை நனைத்தது. பேனாவை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னை நகர்த்தினாள்.

"ஏத்துன சீட்டு எல்லாத்தையும் கிழிக்காம வீட்டுக்குக் கொண்டாந்து இதுல வச்சிருக்கேன். கொடுத்தவங்க தேதி போட்டிருக்காங்க. அந்தத் தேதியிலேர்ந்து எண்ணி எழுதிட்டு வாங்க, போடுறேன். ஒளிச்சு வச்சது ஜைனப்னும் எழுதுங்க."

"உங்க வேலை போயிடும்க்கா."

"தெரியும்."

"என்னோடதும்."

ஜைனப் தலை குனிந்துகொண்டாள்.

ஸ்ரீநாத் எழுந்தான். தாள்களை மடித்துப் பைக்குள் திணித்தான். வாசலில் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவன் நிமிர்ந்தான்.

"மொத்தம் எத்தனை சீட்டுக்கா?"

"நாப்பத்தொண்ணு."

"திங்கட்கிழமைக்குள்ள எண்ணிட்டு வர்றேன்க்கா." திரும்பி வந்து, டின்னை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான்.

ஆஸ்மா இரும்புக் கேட்டை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.