ஆடு சிலுப்பவில்லை, நான் நடுங்கினேன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். வெங்காய மூட்டை எத்தனை கனமாக இருந்தாலும் பயமில்லை. ரத்தம்தான் பயம். தக்காளிப் பெட்டி நசுங்கிச் சாறு வழிந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். பத்து வயதில், எங்கள் குலசாமி கருப்பசாமி கோயிலில், வெட்டப் போகும் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள அப்பா என்னை நிறுத்தினார். எங்கள் வகையறாவில் ஆடு ஒரே வெட்டில் விழ வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அருவாள் இறங்கும் நேரத்தில் நான் காலை விட்டுவிட்டேன். ஆடு திமிறியதில் வெட்டு தோளில் இறங்கியது. கத்திக்கொண்டே என் மேல் வந்து மோதியது. ரத்தம் அவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கண்ணில், மூக்கில், வாயில். நாலு வெட்டில் அதை முடித்தார்கள். அதைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்து அப்பா என்னை அடித்தார். "ஒரு காலப் பிடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்னடா ஆம்பள?" அடுத்த மாதம் வீட்டில் மாடு செத்தது. அதற்கும் அடித்தார்.

வளர்ந்த பிறகு அந்தப் பயம் ரத்தம் இல்லாமலே வரத் தொடங்கியது. ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்திருப்பேன். திடீரென்று மூச்சு போதாது. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவார்கள். விரல்கள் கோணிக்கொள்ளும். இதோ சாகிறோம் என்று சந்தேகமே இல்லாமல் தோன்றும். இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். மெடிக்கல்காரர், "கேஸ்தான், பூண்டு சாப்பிடுங்க" என்றார். தின்ற பூண்டுக்குக் கணக்கில்லை. மார்க்கெட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பயப்படுகிறவனை யார் லோடுக்குக் கூப்பிடுவார்கள்?

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கோயில். மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவன் என் மனைவியின் தம்பி. காது குத்துவதற்கு முன் கிடாவெட்டு. ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும், அதுதான் சாமி கொடுக்கும் சம்மதம். சிலுப்பாத ஆட்டை வெட்ட மாட்டார்கள்.

ஆடு சிலுப்பவில்லை. இரண்டாவது சொம்பு ஊற்றினார்கள். மூன்றாவது. அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நின்றது. பங்காளிகள் எல்லாருடைய முகமும் இறுகிவிட்டது.

"அப்பன்காரன் மேல ஏதும் குத்தம் இருக்கோ?" என்றார் ஒரு பெரியப்பா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது. கால் நடுங்கியது, பிறகு தொடை, பிறகு தாடை. பல் கடகடவென்று அடித்தது. விரல்கள் கோணின. என் தொண்டையிலிருந்து மாடு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வந்துட்டாருடா! ஆட்டுல வராம ஆளு மேல வந்துட்டாருடா!"

பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். என் அண்ணன்தான் முதலில் என் காலில் விழுந்தார். அப்பா போனபின் எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். என் தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டி, கோணிய விரல்களைப் பிரித்து அருவாளை வைத்து அழுத்தினார்கள். சாமியே வந்தபின் ஆடு சிலுப்ப வேண்டியதில்லை; பக்கத்தில் இன்னொரு அருவாளில் அதன் தலை விழுந்தது. முண்டத்தைத் தூக்கி, பீச்சியடிக்கும் கழுத்தை என் வாயில் வைத்தார்கள். "குடிங்க சாமி, குடிங்க."

பத்து வயதில் பட்ட அதே சூடு.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மூச்சு வேண்டும் என்பது மட்டும் ஞாபகம். எதிரில் இருப்பதையெல்லாம் விலக்கக் கையை வீசினேன். கையில் அருவாள் இருந்தது. நினைவு தெளிந்தபோது மைத்துனனின் முழங்கை திறந்து கிடந்தது. என் மகளைச் சுற்றிப் பிடித்திருந்த கை அது. அவள் காதுக்கும் அந்த வெட்டுக்கும் நாலு விரல் இடைவெளி.

காயத்தில் திருநீற்றைப் பூசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். "கருப்பன் கோவத்தக் காமிச்சிருக்கான். இம்புட்டோட விட்டானே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இனி நான்தான் சாமியாடி, வருடா வருடம் அருவாள் என் கையில் என்று பங்காளிகள் கூடி முடிவு செய்தார்கள். அதுவரை அது வேறு வீட்டில் இருந்த உரிமை. அண்ணன் புது வேட்டி எடுத்துவந்தார். அவர் என்னை அணைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

நான் தூங்கவில்லை. தையல் பிரிக்கும் நாளில் மைத்துனனோடு போனபோது, அங்கேயே மனநலப் பிரிவில் சீட்டு வாங்கினேன். டாக்டரம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "ரத்தத்தப் பாத்தா வர்றது ஒரு பயம். அது எப்ப வருமோன்னு பயந்துக்கிட்டே திரியிறது ரெண்டாவது பயம். உங்களப் போட்டு அடிக்கிறது அந்த ரெண்டாவதுதான்."

"வந்தா என்னம்மா செய்யணும்?"

"சண்டை போடாதீங்க. உக்காருங்க. மூச்ச மெதுவா வெளிய விடுங்க. பத்து, இருவது நிமிசத்துல அதுவா இறங்கிரும். உங்களக் கொல்லாது."

"அடுத்தவங்களக் கொல்லுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கையில அருவாள வாங்காதீங்க."

இந்த வருடத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சாமியாடிக்குக் காப்புக் கட்டக் கோயிலில் கூடினோம். மஞ்சள் கயிறு தட்டில் இருந்தது. நான் கையை நீட்டவில்லை.

"அண்ணே, எனக்குச் சாமி வரல. அது பயம். டாக்டர்ட்ட காமிச்சிட்டேன். மாத்திர சாப்பிடுறேன்."

"மாத்திரையா?" என்று அந்தப் பெரியப்பா சிரித்தார். "கருப்பனுக்கே மாத்திரையாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "ஊரு முன்னாடி அசிங்கப்படுத்தாத. கைய நீட்டு." மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அத்தனை கண்களும் என் மேல். தொடை நடுங்க ஆரம்பித்தது.

"பாரு, பாரு! இல்லைங்கிறான், வந்துட்டாரு பாரு!"

குலவை எழும்பியது, கொட்டும் சேர்ந்துகொண்டது. ஒருவன் அருவாளை எடுக்க ஓடினான். நான் பொத்தென்று தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டேன். பல் அடித்தது. அடித்துக்கொண்டே சொன்னேன்: "இது சாமி இல்ல. பத்து நிமிசத்துல போயிரும். யாரும் தொடாதீங்க. பாருங்க."

அண்ணன் கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். "எந்திரிடா." விலாவில் மிதித்தார். உதடு கிழிந்து வாய்க்குள் ரத்தம் இறங்கியது, என்னுடையது. அந்த நிமிடம் செத்துவிட்டேன் என்றே நம்பினேன். கையை எடுக்கவில்லை. மூச்சை மட்டும் வெளியே விட்டேன். ஒன்று. இன்னொன்று. கொட்டு தானாக நின்றது. பத்து நிமிடம் இல்லை, அதற்கு மேலேயே ஆகியிருக்கும். தாடை நின்றது, தொடை நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அது வடிந்தது.

பெரியப்பாவின் குரல் மாறியிருந்தது. "அப்ப போன வருசம் நாங்க விழுந்து கும்பிட்டது?"

"என் பயத்த, பெரியப்பா."

அவர் தலையிலேயே அடித்துக்கொண்டார். அண்ணன் தட்டை எட்டி உதைத்தார். "இனி உனக்கும் இந்தக் கோயிலுக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

திருவிழா நடந்தது. சாமியாடியாக அருவாளை யாரும் ஏந்தவில்லையாம். கூலிக்கு ஆள் வைத்து வெட்டியிருக்கிறார்கள். நான் அன்று காலை மார்க்கெட்டில் இருந்தேன். உதட்டில் மூன்று தையல். லோடுமேன் ஒருவன், "என்ன மாப்ள, வாயி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டான்.

"எங்கண்ணன் அடிச்சாரு."

"எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன்."

அவன் குனிந்தான். அடுத்த மூட்டையை என் முதுகில் ஏற்றினான்.