பெலைத்தின் சந்தூக்கும் சிவப்புத் தாடிக்காரனும்

எங்கள் பள்ளத்தாக்குச் சந்தையில் இப்போது சூடாக விலைபோகும் சரக்கு இதுதான்: இஜ்ஜா தன் புருஷனின் சாவை வெளிநாட்டுக்காரர்களுக்கு வேடிக்கை காட்டினாளாம். ஒருநாள் சுற்றுலாவுக்கு வருகிற வேன்கள் மேல்கிராமத்துப் பக்கம் போய்விடாமல் தன் வீட்டுக்கே தேநீர் குடிக்க வரவேண்டும் என்று, மய்யித்தையே அவர்கள் தோளில் ஏற்றிவிட்டாளாம். கறிக்கடைக்காரன் சொல்லும்போது ஒரு வேன். முடிவெட்டுகிறவன் சொல்லும்போது வேன்கள் வரிசையாக வந்து, கூடவே மேளமும் சேர்ந்துகொள்ளும்.

வம்பு பேசுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனால் மய்யித்தை வைத்துத் தூக்கிய அந்தச் சந்தூக்கின் பின்பக்க இடது மூலை என் தோளில் இருந்தது. அதனால் இந்த ஒரு வம்பை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

இஜ்ஜா பனிக்கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் பெலைத் தெற்கே சுரங்கத்தில் வேலை பார்த்தான். சம்பாதித்துக் கொண்டுவந்தது நெஞ்சு நிறையத் தூசி. நிலநடுக்கத்தில் வீட்டின் பின்பாதி சரிந்தபோது அவன் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல் சுமந்து சுவர் எழுப்பியது இவள். அதன்பிறகுதான் வழிகாட்டி பிஹி வேன்காரர்களை அழைத்துவர ஆரம்பித்தான். பிஹி எங்கள் ஊர்ப்பிள்ளை, பிழைப்பு மராகேஷ் நகரத்தில். வருகிறவர்கள் கம்பளத்தில் உட்கார்வார்கள், ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டுத் தின்பார்கள், தேநீர்க் கெண்டியை உயரத் தூக்கி ஊற்றிப் படம் எடுத்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னால் பெலைத் இருமுவான். அவர் தொழுதுகொண்டிருக்கிறார் என்று பிஹி சொல்லிவைப்பான். எவ்வளவு பக்தி என்று அவர்களும் மெச்சிக்கொள்வார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை இருமல் நின்றது. இஜ்ஜா முதலில் மகனுக்குத்தான் போன் போட்டாள். மகன் முபாரக் மராகேஷில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறான். பாதையெல்லாம் பனி, வண்டி எதுவும் ஏறாது என்று சொல்லிவிட்டான். கணவாய் மூடிவிட்டதால் அவள் பிறந்தவீட்டு ஆட்களும் வர வழியில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெலைத்தை விட்டால், எங்கள் ஊரில் தங்கிய ஆண்பிள்ளைகள் இரண்டே பேர்: இமாம் தாஹர், அப்புறம் நான். என்னிடம் கோவேறு கழுதை உண்டு. ஆனால் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். பாலம் இடிந்த இடத்தில் மரக்கழிகளைத்தான் போட்டிருக்கிறோம். என் கழுதை அதில் கால் வைக்காது. அதற்கு என்னைவிட அறிவு அதிகம்.

மய்யித்தை இரவு தங்கவிடக் கூடாது. பனியோ விடாமல் கொட்டுகிறது. பொழுது சாய்வதற்குள் ஒற்றையடிப் பாதை மறைந்துவிடும். இமாம் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, ஓதி முடித்துவிட்டார். சந்தூக்கைத் தூக்க ஆளில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது வேன் வந்தது. மராகேஷிலிருந்து, அதே பாதையில்.

வீட்டுக்குள்ளே ஊர்ப் பெண்கள் அழுதார்கள். வந்தவர்களில் ஒரு பெண் அதை வரவேற்புப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினாள். பிஹி சந்தூக்கைப் பார்த்தான், அவன் முகம் செத்துப்போயிற்று. இன்று இந்த வீட்டில் அடுப்பு எரியாது, தேநீர் கிடையாது, திரும்பலாம் என்று அவர்கள் மொழியில் ஏதோ மழுப்பினான். அடுப்பு ரிப்பேர் என்று புரிந்துகொண்டார்களோ என்னவோ, தலையாட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

இஜ்ஜா வெளியே வந்தாள். கிழவன் ஒருவன், அவன் மனைவி, இரண்டு இளம்பெண்கள், சிவப்புத் தாடி வைத்த நெட்டையன் ஒருவன். ஒவ்வொருவராகப் பார்த்தாள், கழுதைச் சந்தையில் பார்ப்பதுபோல. பிறகு நெட்டையனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, சந்தூக்கின் கழியில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

இமாம் பதறிவிட்டார். "இஜ்ஜா, இவன் நம்ம மார்க்கத்து ஆளில்ல. நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"ஊரா? அது எங்க இருக்குன்னு காட்டுங்க இமாமே, நானே போயி கேட்டுக்கறேன்."

இமாம் சுற்றிலும் பார்த்தார். இடிந்த சுவர்களும் பனியும்தான் இருந்தன. அவர் போய் முன்பக்க மூலைக்குக் குனிந்தார்.

தூக்கினோம். முன்னால் இமாமும் பிஹியும், பின்னால் நானும் நெட்டையனும். அவன் உயரத்துக்கு நான் இடுப்பளவு. வழி நெடுக பெலைத் என் பக்கமே சரிந்துகொண்டு வந்தான். உயிரோடு இருந்தபோதும் புகையிலைக்கு என் பக்கம்தான் சாய்வான். மரக்கழிகள்மேல் நெட்டையனின் கால் வழுக்கி முழங்கால்வரை ஓடைக்குள் போனது. ஆனால் தோளை எடுக்கவில்லை. கபர்ஸ்தானில் மண் இறுகிக் கிடந்தது. ஈரக் காலோடு நின்று அவனும் தோண்டினான். தாடியில் பனி ஒட்டியிருந்தது, அழுதானா என்று தெரியவில்லை. எங்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்கு வருவதில்லை. திரும்பிப் பார்த்தபோது இஜ்ஜா கூரைமேல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு பனி அவளை மறைத்தது.

அந்த இளம்பெண்களில் ஒருத்தி படம் எடுத்திருக்கிறாள். அது போனுக்குப் போன் தாவி மராகேஷ் முழுக்கச் சுற்றியது. சுற்றுலாக் கம்பெனியில் யாரோ போய், அந்த ஊரில் அடுத்த அடக்கம் எப்போது என்றுகூட விசாரித்தார்களாம். பிஹி சொன்னான். அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து இஜ்ஜா வீட்டில் பார்லி மாவு இறக்கிக்கொண்டிருந்தேன். முபாரக்கின் போன் வந்தது. அவளுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும்.

"உம்மா, ஹோட்டல்ல அந்தப் படத்தக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறானுங்க. வேன் வரணும்கிறதுக்காக வாப்பாவ வெச்சா வித்தை காட்டுவ? என் மானமே போச்சு."

நான் வெளியே போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. இஜ்ஜா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"வித்தை ஒண்ணும் காட்டல. மூணு தோளுதான் இருந்துச்சு. நாலாவது உன்னோடது. நீ வரல, அவன் வந்தான்."