நான் நடத்தாத குளோரின் வகுப்பு

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரக் கேட்டபோது பெருமையோடு ஒப்புக்கொண்டேன். ஆலங்குடியில் ஒரு கல்யாண மண்டபம். முதலில் தீயும் புகையும், அடுத்து நச்சு வாயுக்கள். தாளில் அப்படித்தான் இருந்தது.

சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். பிறகு சால்வை, பேச்சு, போட்டோ. எனக்கும் ஒரு சால்வை. மிஞ்சிய நேரத்தில் புகைப் பாடத்தை மட்டும் நடத்தினேன். "புகை மேல போகும். நீங்க தரையோட தரையாப் போங்க" என்று எல்லோரையும் தவழ வைத்தேன். நச்சு வாயுவைத் தொடங்கும்போது பந்தி ஆரம்பித்துவிட்டது.

"எலையில சோறு விழுந்துருச்சு சார். மிச்சத்த சர்டிபிகேட்ல நடத்திருங்க" என்றார் ஏற்பாட்டாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழுப் பயிற்சி பெற்றவர் என்று அச்சடித்த சான்றிதழ் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாயசம் குடித்தேன்.

அன்று வந்தவர்களில் ஒருவர் அரிமளம் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர். நான்கு மாதம் கழித்து, அவர் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு சிலிண்டரின் வால்வை உடைத்தார்கள். உள்ளே குளோரின் மிச்சமிருந்தது. கடை வேலையாள் பயந்து இரும்புக் குவியலின் உச்சியில் ஏறிக்கொண்டார். அவரைக் காப்பாற்ற ஓட்டுநர் ஈரத்துண்டை முகத்தில் கட்டி, நான் சொன்னபடியே வயிறு உரசத் தவழ்ந்து போனார்.

குளோரின் காற்றைவிடக் கனமானது. தரையில்தான் தேங்கும். பள்ளிக்கூடம் போகாத வேலையாள் தப்பித்தார். என் சான்றிதழ் வைத்திருந்தவரின் நுரையீரல் வெந்துபோனது.

தீயணைப்புத் துறை விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "எல்லாம் நடத்தினேன். பதற்றத்தில் மறந்திருப்பார்" என்றேன். கூசாமல் சொன்னேன். ஊரே அவரைப் பழித்தது.

போன மாதம்தான் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியவில்லை.

"அப்ப... நான் மறக்கலையா சார்?"

"இல்லப்பா. நான் சொல்லவே இல்ல."

அவர் மனைவி குறுக்கிட்டார். "பாடத்துல தூங்குன பயன்னு டீக்கடையில சிரிக்கிறாங்க. கேட்டுட்டு வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. எங்ககிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? ஆபீசுல எழுதிக் குடுங்க. நானும் வாரேன்."

அன்றே போனோம். அதிகாரி என் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து நீட்டினார். "இந்த வயசுல எதுக்கு சார் வம்பு? கேஸ முடிச்சாச்சு. எடுத்துட்டுப் போங்க."

பாயசம் குடித்த அன்று எனக்கு வராத கோபம் அப்போது வந்தது. கடிதத்தை அவர் மேசையிலேயே விரித்து வைத்தேன்.

"வாங்கிக்கிட்டதா நகல்ல சீல் போட்டுக் குடுங்க. ஊருல காட்டணும்" என்றார் அந்தப் பெண்.

சீல் விழும்வரை நாங்கள் இருவரும் அங்கிருந்து நகரவில்லை.