ஐந்தே முக்கால் பந்தி

கப்பல் எங்களிடம் முதலில் கேட்டது, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதைத்தான். பயணம் மூன்று இரவு. கொச்சி வில்லிங்டன் தீவில் ஏறி, லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டு அங்கேயே திரும்ப வந்து இறங்க வேண்டும். சைவச் சாப்பாட்டு அறை சிறியது என்பதால் இரண்டு பந்தி வைத்திருந்தார்கள். முதல் பந்தி ஐந்தே முக்காலுக்கு, இரண்டாவது எட்டேகாலுக்கு. டிக்கெட் போடும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் முதல் பந்தியைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அப்பா.

அப்பா எங்கள் மட்டாஞ்சேரிக் கோயிலில் சனிக்கிழமை பஜனையை முன்னால் உட்கார்ந்து நடத்தியவர். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு கரகரப்பு. ஆறு மாதம் கழித்து, பேச்சு ஓரளவு சரியானதும், குரல் பயிற்சி கொடுத்தவர் பாடிப் பார்க்கலாம் என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் பாடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்பா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினார். கோயிலுக்குப் போகவில்லை. பஜனைக்காரர்கள் கூப்பிட்டபோது, "யாத்திரை போயிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

கப்பலில் இரண்டாம் நாள் மாலை பயணிகளே பாடும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. ஏழரைக்குத் தொடக்கம். அதைப் பட்டியலில் பார்த்தவுடன் அப்பா பெயர் கொடுக்கச் சொன்னார்.

"தெரிஞ்சவா முன்னாடி பாடினா பாவம் பாத்துக் கை தட்டுவா. தெரியாதவா முன்னாடி ஒரு தடவை பாடிப் பாக்கணும். அது சரியா வந்தாத்தான் கோயில்."

காக்கநாட்டில் மென்பொருள் சோதனை செய்வது என் வேலை. எதற்கும் ஒரு அட்டவணை போட்டுவிடுவேன். ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்தால் ஆறரைக்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம். அப்பா பாட எட்டரையாவது ஆகும். இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இரண்டாம் பந்தி என்றால், பாட்டு இழுத்தால் சாப்பாடு போய்விடும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

முதல் நாள் மாலை சாப்பாட்டு அறையில் எங்களுக்குச் சன்னலோர மேசை கிடைத்தது. கடலுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டுகள் வந்தன. நான் ஒரு சப்பாத்தியை முடித்த பிறகுதான் கவனித்தேன், அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, சாப்பிடலையா?"

"சந்தி வேளைடீ. விளக்கு வைக்கற நேரத்துல யாராவது சாதத்துல கை வைப்பாளா?"

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இத்தனை வருடம் அதே வீட்டில் வளர்ந்தும் அது என் அட்டவணைக்குள் வரவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி என்பதால் இருக்கலாம். நானோ ஆறு மணிக்கு அலுவலகத்து மேசையில் பப்ஸ் தின்று பழகியவள்.

"சூரியன் போகட்டும். கொஞ்சம் இருட்டினதும் சாப்பிடறேன்" என்றாள் அம்மா.

அப்பாவும் தட்டைத் தள்ளிவைத்தார். "நீ சாப்பிடாம நான் மட்டும் என்னத்துக்கு?"

சூரியன் போக நேரம் எடுத்துக்கொண்டது. வெளிச்சம் அடங்குவதற்குள் பரிமாறுகிறவர்கள் அடுத்த பந்திக்காக மேசைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா அவசரமாகத் தயிர் சாதம் மூன்று வாய் சாப்பிட்டாள். அப்பா அதுகூட இல்லை. மேல்தளத்தில் பொதுச் சாப்பாடு இருந்தது. ஆனால் மீனும் கோழியும் இருக்கும் வரிசையில் நின்று தட்டை நீட்ட இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அறைக்கு வந்து, பையில் இருந்த நேந்திரங்காய் உப்பேரியையும் தட்டையையும் கட்டிலில் பரப்பி உட்கார்ந்தோம்.

"இத்தனை ரூபா குடுத்துக் கப்பல் ஏறி உப்பேரி தின்னறோம்" என்று அப்பா சிரித்தார். தட்டையைக் கடித்ததும் இருமல் வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டார். நாளைக்கும் இதே கதை என்றால் பாடிவிட்டு வந்தும் இந்தத் தட்டைதான்.

காலையில் சாப்பாட்டு அறை மேலாளரைப் போய்ப் பார்த்து, இரண்டாம் பந்திக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஆலப்புழைக்காரர், மலையாளம் கலந்த தமிழ்.

"ரெண்டாமத்தது ஃபுல்லாணு மோளே. ஆரெங்கிலும் மாறித் தந்தா எனிக்குக் குழப்பமில்ல." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார். "நேத்து ரெண்டு பேரு மோளுக்கு நேர் எதிரா கேட்டு வந்நு. அவருக்கு எட்டேகால் வேண்டா, ஐந்தே முக்கால்தான் வேணும். ராத்திரி பட்டிணியா கிடந்நு, பாவங்கள். அதோ."

அவர் காட்டிய மேசையில் வயதான ஒரு குஜராத்தித் தம்பதி, முதல் நாளைய பசிக்கும் சேர்த்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஜைனர்கள். சூரியன் விழுந்த பிறகு வாயில் எதையும் வைக்க மாட்டார்கள். முகவர் அவர்களை இரண்டாம் பந்தியில் போட்டிருந்தார். சந்தி வேளையில் சாப்பிட மாட்டாத எங்களை நானே முதல் பந்தியில் போட்டிருந்தேன்.

நான் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போனேன். பாதி சொல்வதற்குள்ளாகவே அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாறிக்கலாம் மோளே, இப்பத்தன்னே மாறிக்கலாம்!" பிறகு கணவரைக் காட்டினாள். "பசி வந்தா இந்த மனுஷன் என்னைத் தின்னும்."

கணவர் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி! நம்ம அம்பலத்துல, கோயில்ல பாடற சாமியல்லே?"

அப்பா விழித்தார்.

"எங்க வீடு அம்பலத்துக்குப் பின்மதிலு. மாடியில. பத்து வருஷமா சனியாழ்ச்ச சாமி பாட்டு எங்க ஜன்னல்லாக்கும் விழும். ஆறு மாசமா காணான் இல்லல்லோ? பூக்காரனோடு கேட்டேன், அவனுக்கும் அறியில்ல. பாலக்காட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன்."

"கொஞ்சம் தொண்டை சரியில்லை" என்றார் அப்பா.

அங்கேயே பேச்சு நின்றிருக்க வேண்டும். அம்மாவுக்குச் சாப்பாடு சரியாகிவிட்ட சந்தோஷம். "இன்னிக்கு ராத்திரி இவர் பாடறார். பாடி முடிச்சுட்டு எட்டேகாலுக்கு நிதானமாச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டாள்.

"ஆஹா! நாங்க நேரத்தே சாப்டு முன்வரிசையில வந்து உக்காருவோம்!"

மேலாளர் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தார். அந்த மேசையை விட்டு நகர்ந்ததும் அப்பா என்னிடம், "என் பேரை எடுத்துடு" என்றார்.

"ஏன்ப்பா?"

"அவருக்குப் பழசு தெரியும்."

நான் பெயரை எடுக்கப் போகவில்லை. பகல் முழுக்க அப்பா தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் இருப்பவரை நடுக்கடலில் பிடித்துக் கொண்டுவந்தது நான்தான் என்று இருந்தது எனக்கு. சாப்பாட்டைச் சரிசெய்யப் போய், அப்பா கேட்ட ஒன்றே ஒன்றைக் கெடுத்திருந்தேன்.

மாலையில் அறைக்குப் போனபோது அம்மா கட்டில் பக்கத்து விளக்கைப் போட்டு, அதற்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தாள். கப்பலில் நெருப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள். முணுமுணுப்பு முடிந்து திரும்பியபோது அப்பாவும் வந்திருந்தார். வேட்டி மாற்றாமல், காலையில் போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்னா, கிளம்பலையா?"

"நான் பாடலை."

"நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா. "அப்போ அந்தச் சேட்டு கிட்டப் போய் நம்ம பந்தியைத் திரும்ப வாங்கிண்டு வாங்கோ. நேக்குப் பசிக்கறது. உங்க பாட்டுக்காகத்தான் எட்டேகால் வரைக்கும் தாங்கிண்டிருக்கேன்."

"உனக்கு விளையாட்டா இருக்கு. அவர் பத்து வருஷமாக் கேட்டவர். ஒரு வரி கேட்டாப் போறும், என்ன போச்சுன்னு தெரிஞ்சுடும்."

"போனது அவருக்கு முன்னாடியே தெரியும். ஆறு மாசமா ஜன்னல்ல ஒண்ணும் விழலையே. பூக்காரன் வரைக்கும் விசாரிச்சிருக்கார். எதை மறைக்கப் போறேள்?"

அப்பா எழுந்து பையில் வேட்டியைத் தேடினார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரங்கு நிறைந்திருந்தது. அப்பாவுக்கு ஐந்தாவது இடம். அந்த வரிசையைப் பார்த்துத்தான், முதலில் நினைத்த எட்டரை இல்லை, எட்டு மணிக்குள் முடிந்துவிடும் என்று காலையில் கணக்கை மாற்றியிருந்தேன். மூன்றாவதாக வந்தவர் ஒரு பாட்டுக்குப் பதிலாக இரண்டு பாடினார். நான்காவதாக ஏறிய கல்லூரிப் பெண்கள் ஒலிநாடா சரியாக ஓடவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எட்டேகாலுக்கு ஒலிபெருக்கியில் இரண்டாம் பந்தி அறிவிப்பு வந்தது. மேல்தளத்துப் பொதுச் சாப்பாட்டிலும் இரண்டாம் முறைக்கு அதே நேரம்தான். அரங்கில் பாதிப் பேர் எழுந்தார்கள். பைகளை எடுத்துக்கொண்டு, குழந்தைகளைத் தேடிக்கொண்டு, வாசலில் நெரிந்துகொண்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது அப்பாவை அழைத்தார்கள்.

மேடை ஏறி அப்பா ஒலிவாங்கியைப் பிடித்தபோது முன்னால் பெரும்பாலும் காலி நாற்காலிகள். அவர் கேட்ட அந்நியர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஐந்தே முக்காலுக்கே சாப்பிட்டு முடித்தவர்கள். முன்வரிசை நடுவில், சொன்னபடி, சேட்டும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா நிதானமான ஒரு பஜனைப் பாட்டை எடுத்துக்கொண்டார். சுருதி நான் கேட்டுப் பழகியதைவிட வெகு கீழே இருந்தது. முதல் அடி நன்றாக வந்தது. மேலே போகும் இடத்தில் குரல் உடைந்தது. ஒரு நொடி வெறும் காற்றுதான் கேட்டது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள். அப்பா நிறுத்தினார், எச்சில் விழுங்கினார். அதே அடியை மேலே போகாமல், கீழேயே சுற்றிக் கொண்டுவந்து முடித்தார். பிறகு அந்த இடம் வந்தபோதெல்லாம் அப்படியே பாடினார். சேட்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், முழுக்கத் தப்பாக. அப்பா அதைப் பார்த்து லேசாகச் சிரித்ததும் எனக்குத் தெரிந்தது.

இறங்கி வந்ததும் சேட்டு எழுந்து நின்றார். கை தட்டியது கொஞ்சம்தான்.

"பழைய ஒச்சை, அந்தக் கொரலு இல்ல, சாமி" என்றார்.

"இல்லை" என்றார் அப்பா.

"தாழ்ந்து போயி. ஆனா கண்ணு மூடினா, சாமிதான்னு தெரியும்."

"பொய்யொண்ணும் சொல்ல வேண்டா" என்று அவர் மனைவி குறுக்கே வந்தாள். "ஆறு மாசமா சனியாழ்ச்ச நான் நல்லா உறங்கினேன். பின்னயும் தொடங்குமோ சாமி?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

சாப்பாட்டு அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். மேலாளர் எங்கள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. அம்மா யாருக்கும் காத்திருக்காமல் சாதத்தில் கை வைத்தாள். அப்பா முதலில் ரசம் சாதம் சாப்பிட்டார், பிறகு இன்னொரு தடவை ரசம் கேட்டார். அப்புறம் தைரியமாக ஒரு வடையும் வாங்கிக்கொண்டார்.

"இனிமே பாடறதுக்கு ஒண்ணுமில்லையே இன்னிக்கு" என்றார்.

அம்மா நிமிராமல் கேட்டாள். "சனிக்கிழமை?"

அப்பா வடையைப் பிட்டு ரசத்தில் நனைத்தார்.

"வரேன்னு சொல்லிடு" என்றார் என்னிடம். "முன்னாடி உக்காந்து நடத்த மாட்டேன். அது வேற யாராவது பண்ணட்டும். பின்னாடி உக்காந்து, அவா பாடறதை வாங்கிப் பாடறேன்."

நான் மேசையடியிலேயே பஜனைக் குழுவுக்குச் செய்தி எழுதினேன். நடுக்கடலில் சிக்னல் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தி வைத்தேன். கொச்சி நெருங்கும்போது தானாகப் போய்ச் சேரும்.