தமையனைக் கொன்ற படம்

அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். அதுவும் லண்டன் கிங்ஸ்டனில் ஒரு கோழிப்பொரியல் கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். 2009 ஐப்பசி, பள்ளிக்கூட லீவு. எதிரில் ஒன்பது வயது மகள். அவளுக்குப் பக்கத்தில் என் அண்ணன்.

ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்துபோன அந்த வைகாசிக்குப் பிறகு, படம் பார்க்கப் போகிறோம் என்று எங்கள் ஆட்களிடம் வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. நாங்கள் இருக்கிற ஹவுன்ஸ்லோவில் தெரிந்தவர் ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் எங்கே பயணம் என்று கேட்டதற்கு, மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்க என்றேன். எனக்குப் பொய் அப்படித்தான், இருமல் மாதிரித் தானாக வரும்.

படத்தின் நாயகன் என் சின்ன வயதுச் சாமி. இருட்டில் கண் தெரிகிறவன். யாழ்ப்பாணத்தில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து வந்த தமிழ்ச் சித்திரக்கதைகளில்தான் அவனை எனக்குத் தெரியும். அவன் உண்மையில் இங்கிலீஷ்காரன் என்பதை லண்டனுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். பிறகு அவனுடைய பழைய இதழ்களைத் தேடித் தேடி வாங்கி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் அடுக்கினேன். மனைவி அந்த அலுமாரியைச் சாமியறை என்பாள். கைகழுவாமல் யாரும் தொடக்கூடாது என்பதால் அவள் சொல்வதிலும் பிழையில்லை.

இந்த வீரனுக்கு ஒரு தமையன் உண்டு. அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கதையின் கடைசிக் கட்டத்திலும், வீரன் ஊரைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பின்கதவில் அவன் அரிக்கன் லாம்போடு காத்து நிற்பான். இருட்டில் கண் தெரிகிறவனுக்கு லாம்பு எதற்கு? தேவையில்லைதான். என்றாலும் அவன் நிற்பான். கதையே அந்த லாம்புதான் என்று நான் யாரோடும் வாதாடுவேன்.

புதுப் படத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள். புது நடிகர், புது ஊர், புது அங்கி. அங்கியைக்கூட மன்னிப்பேன். படம் தொடங்கிக் கால்மணி நேரத்திற்குள் தமையனைக் கொன்றுவிட்டார்கள். லாம்பு நிலத்தில் விழுந்து உடைய, வீரன் வானத்தைப் பார்த்துக் கத்த, அங்கே தொடங்கியது அவனுடைய வீரம். தியேட்டரிலேயே எனக்கு இரத்தம் கொதித்தது.

"உயிரோட இருக்கிற தமையனைச் சாகடிச்சாத்தான் இவனுக்கு வீரம் வருமோ?" என்றேன் கோழிக்காலை ஆட்டியபடி. "முப்பது வருசமா லாம்போட நிண்ட மனுசன். எழுதினவனுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ? அழ ஒரு காரணம் வேணுமெண்டு ஒரு ஆளைக் கொல்லுறதோ?"

மகள் படம் நல்லா இருந்தது என்றாள். உனக்கு விளங்காது என்றேன். அண்ணன் உருளைக்கிழங்குப் பொரியல் ஒன்றை எடுத்து, சோஸில் தொட்டு, ஆறுதலாகச் சொன்னார்.

"கதைக்குத் தேவைப்பட்டிருக்கும், தம்பி."

குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. ஆனால் கையில் இருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்தேன். ஏனென்றால் அந்த வசனம் என்னுடையது. பன்னிரண்டு வருஷத்திற்கு முன்னால் டெலிபோனில் நான் அவருக்குச் சொன்ன வசனம்.

அப்போது நான் லண்டனுக்கு வந்து இரண்டு கிழமை. அகதி விண்ணப்பத்திற்குக் கேஸ் எழுத, ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறைக்குக் கூட்டிப் போனார்கள். எழுதுகிறவர் என் கதையைக் கேட்டார். சுற்றிவளைப்பில் ஆமி பிடித்தது, அடித்தது, விட்டது எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஆரும் செத்திருக்கினமோ?"

"இல்லை."

"அப்ப கேஸ் பலமில்லைத் தம்பி. அண்ணை ஒராள் இருக்கிறாரெண்டு சொன்னீர்?"

"ஓம்" என்றேன். அவ்வளவுதான். அவர் திரும்பப் பேனாவைத் திறந்தார்.

திகதி வேண்டும் என்றார். விசாரணையில் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள், மாறக்கூடாது, மறக்காத திகதியாகச் சொல்லும் என்றார். எனக்கு மறக்காத திகதி ஒன்றுதான் வாயில் வந்தது. அது அண்ணனின் பிறந்தநாள். அவர் பிறந்த நாளிலேயே அவரைச் சாகடித்தேன். விசாரணை நாளில் அந்தத் திகதியைச் சொல்லும்போது அழுகை வந்தது. நடிப்பில்லை, உண்மையான அழுகை. விசாரித்த பெண் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். பொய் சொன்னதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். அந்தத் தண்ணீரைக் குடித்ததை இன்றுவரை விழுங்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்திற்கு டெலிபோன் எடுத்து, சிரிப்பது மாதிரிச் சொன்னேன். "அண்ணை, கேஸிலை உங்களைச் சாகடிச்சுப்போட்டன். கதைக்குத் தேவைப்பட்டது. கோவியாதேங்கோ." அவரும் சிரித்தார். "பறவாயில்லையடா. இனி எனக்கு நூறு வயசு" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அவர் பின்னர் ஜெர்மனிக்குப் போனார். கலியாணம் செய்யவில்லை. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்ததும், சொந்தம் என்று இருக்கிற ஒரே தம்பியின் பக்கத்தில் இருக்கலாம் என்று 2009 கோடையில் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தார். எங்கள் சின்ன அறையைக் கொடுத்தோம். கட்டிலோடு ஒரு கட்டளையும் கொடுத்தேன். வெளியில் ஆரும் கேட்டால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லுங்கோ. எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்து வருஷங்களாகிவிட்டன, இனி யார் வந்து தோண்டப் போகிறார்கள் என்று மனைவி கேட்டாள். மொட்டைக் கடிதம் போட எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று நான் கேட்டேன்.

தமிழில் ஒரு வசதி உண்டு. வயதில் மூத்தவர் எல்லாரும் அண்ணை, இளையவர் எல்லாரும் தம்பி. ஆகவே சபையிலும் கடையிலும் நான் அவரை அண்ணை என்றே கூப்பிட்டேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்தான் பாவம், பிறந்ததிலிருந்து நீ, வா, போடா என்று கூப்பிட்ட என்னை ஆட்களுக்கு முன்னால் "நீங்கள்" என்றார். நாளடைவில் வீட்டிலும் அதுவே வந்துவிட்டது. மறைக்க முடியாத ஒரு சொல்தான் இருந்தது. தகப்பனின் தமையனைப் பிள்ளை பெரியப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அதைத் தெருவில் ஒருதரம் கூப்பிட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அதனால் மகளுக்கும் உண்மையைச் சொல்லவில்லை. அவள் அவரை அங்கிள் என்றாள்.

கோழிப்பொரியல் கடையில் அந்த அங்கிளிடம்தான் அவள் கேட்டாள். "அங்கிள், நீங்களும் சின்னனில காமிக்ஸ் வாசிச்சீங்களா?"

"ஓம் பிள்ளை. நானும் தம்பியும் ஒரே புத்தகத்தைத்தான் வாசிக்கிறது. அவன் கெதியா வாசிப்பான். நான் பக்கம் புரட்டுமட்டும் துள்ளுவான்."

"உங்களுக்கு பிரதர் இருக்கா? எங்க இருக்கிறார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி இருக்கும். நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் எலும்பு மட்டும்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

"இருந்தவன்" என்றார் அண்ணன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மகளின் முகம் மாறிவிட்டது. தன் பெட்டியில் மிச்சமிருந்த பொரியலை மெதுவாக அவர் பக்கம் தள்ளி, "சொறி அங்கிள்" என்றாள். அவர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். என்னைக் காப்பாற்ற என்னைச் சாகடித்திருக்கிறார். நான் அவருக்குச் செய்ததுதான். ஆனால் நான் செய்தது எனக்காக.

வீட்டுக்குத் திரும்ப 281 பஸ்ஸின் மேல்தட்டில் ஏறினோம். முன்னால் அண்ணனும் மகளும், பின்னால் நான். ட்விக்கன்ஹாம் தாண்டும்வரை அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நரை வந்திருந்தது. பக்கம் புரட்டக் காத்திருந்த அந்தப் பொடியன், இந்த மனுசனுக்கு முன்னால் எந்த முகத்தோடு படத்திற்கு விமர்சனம் சொன்னான் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. முன்பக்கம் குனிந்து மகளின் தோளைத் தொட்டேன்.

"பிள்ளை, இவர் அங்கிள் இல்லை. என்ரை சொந்த அண்ணை. உனக்குப் பெரியப்பா."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அண்ணன் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, பஸ்ஸின் பின் இருக்கைகளைத்தான் பார்த்தார்.

"மெல்லக் கதையடா" என்றார். "பின்னாலை தமிழ் ஆக்கள் இருக்கினம்."

நாலு மாதத்திற்குப் பிறகு அந்த "டா" வந்திருந்தது. அதற்குச் சந்தோஷப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மெல்லக் கதை என்றதை மகள் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். இருக்கையில் முழங்காலில் எழுந்து நின்று, கையை வாய்க்கு மறைப்பாக வைத்து, அவர் காதுக்குள் "பெரியப்பா" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்று அவரும் காதுக்குள் சொன்னார்.

சத்தமாகக் கூப்பிடு என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நான்தான். பின்னாலிருந்து யாரோ இருவர் எங்கள் ஊர்த் தமிழில் கதைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஹவுன்ஸ்லோவில் இறங்கும்வரை எனக்கு வாய் வரவில்லை.