நாற்காலி மேல் விழுந்த பழி

வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புது ஜட்டியைக் காதருகே வைத்துக் கசக்கிப் பார்த்தாள். கடைப் பை மாதிரி சரசரத்தது.

"அதே கம்பெனிதான், அதே அட்டைப்பெட்டிதான். கேட்டுத்தான் வாங்கினேன்" என்றார் வெளியே நின்ற கணவர்.

"பெட்டி அதேதாங்க. உள்ள இருக்கறதுதான் வேற."

இளையவன் பிறந்ததிலிருந்து அவளுக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. இருமினால் கசியும், வாய்விட்டுச் சிரித்தால் கசியும். மருத்துவர் சொன்ன பயிற்சி ஓரளவுக்குத்தான் கைகொடுத்தது. உள்ளே துணியை மடித்து வைத்து, மேலே நீர் புகாத ஜட்டி போட்டுக்கொள்வாள். முதலில் ரப்பர். சத்தம் கிடையாது, ஆனால் வெயில் நாளில் தோலோடு ஒட்டி இடுக்கெல்லாம் வெந்துவிடும், பக்கத்தில் வந்தால் பலூன் வாசனை. அடுத்தது கனத்த பிளாஸ்டிக். ஒரு சொட்டு வெளியே விடாது. ஆனால் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ஊரைக் கூட்டும். கடைசியாகக் கிடைத்தது, துணியின் உட்புறம் மெல்லிய பூச்சு ஒட்டிய ரகம். மெத்தென்று, வாய் திறக்காமல் கிடக்கும்.

அந்த ரகமும் வர வர இளைத்தது. புதிதாக வாங்கும் ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, வாளிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். தொடை எலாஸ்டிக் ஒல்லியானது. ஒட்டிச் சேர்த்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார்கள். ஊசித் துளைகளில் தண்ணீர் முத்து முத்தாக எட்டிப் பார்த்தது. அதனால் பழையவற்றையே குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தாள். போன வாரம் அவள் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தபோது, கணவர் பாசம் பொங்க அவற்றைக் கொதிநீரில் முக்கி உச்சி வெயிலில் காயப்போட்டார். பூச்சு பாளம் பாளமாக உரிந்து வந்தது.

வேறு யாருக்காவது என்றால் இந்தச் சரசரப்பு ஒரு விஷயமே இல்லை. அவள் வானொலியில் நேரலைச் செய்தி வாசிப்பவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியைக் கவனிப்பவனுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். கொசு கொட்டாவி விட்டாலும் கேட்டுவிடும் என்பார்கள். பிளாஸ்டிக் காலத்தில் ஒருநாள் அவன், "அக்கா, அந்த நாற்காலி முனகுது" என்றான். அவளும் ஆமாம் என்றுவிட்டாள். அன்றிலிருந்து நாற்காலிக்கு எண்ணெய் போடுவது அவன் வேலையாயிற்று. அவன் குனிந்து எண்ணெய் விடும்போதெல்லாம் உண்மை தொண்டை வரை வந்து திரும்பிப் போகும். வெட்கப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆனாலும் வெட்கம் போகாது.

நேற்று அந்தப் புதுப் பெட்டியின் முதல் ஜட்டியோடு வாசித்தபோது பழைய முனகல் திரும்பி வந்தது. நிலையத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். "மத்தவங்க உக்காந்தா சத்தம் வரலையே. அசையாம உக்காரத் தெரியாதா? இன்னொரு தடவ கேட்டா நேரலைக்கு வேற ஆள்தான்."

இன்று தேடியபோது அலமாரி அடியில், கொதிநீருக்குத் தப்பிய, எலாஸ்டிக் தளர்ந்த பழையது ஒன்று கிடந்தது. சத்தம் போடாது, நம்பவும் முடியாது. அதைப் போட்டுக்கொண்டு போனாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. தலைப்புச் செய்திகள் தாண்டின. பாதியில் நெஞ்சில் சளி கரகரத்தது. வாக்கியத்தை முடித்து, இருமல் பொத்தானை அமுக்கிக்கொண்டு இருமினாள். பொத்தான் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும். தொடையோரம் சூடாக இறங்கியது. அடுத்த செய்தியை வாசித்தாள். மறுபடி இருமல், மறுபடி சூடு. குரல் நடுங்காமல் அடுத்த தாளைப் புரட்டினாள்.

விளக்கு அணைந்ததும் ஒலிபெருக்கியில் பாம்புக்காதின் குரல் வந்தது. "பாத்தீங்களா அக்கா, நாற்காலி மூச்சு விடல. எல்லாம் என் எண்ணெய்."

கதவுக்கு வெளியே அடுத்த நிகழ்ச்சிக்காரி காத்திருந்தாள். இதே நாற்காலியில்தான் அந்தப் பெண் உட்கார வேண்டும். இடையில் ஓடும் பாட்டு முடியும் வரைதான் அவகாசம். அவள் எழுந்திருக்கவில்லை. மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, நாற்காலி நனைஞ்சிருக்கு. நான்தான். இத்தனை நாள் முனகுனதும் நாற்காலி இல்ல, என் ஜட்டி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஹெட்போனைக் கழற்றினான். பிறகு எழுந்து கதவை ஒருக்களித்துத் திறந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாற்காலிச் சக்கரம் கழண்டுபோச்சு" என்று வந்தவளிடம் சொல்லிவிட்டு, தன் நாற்காலியை உள்ளே உருட்டினான். அதன் முதுகில் கிடந்த சட்டையை அவளிடம் நீட்டினான். இடுப்பில் கட்டிக்கொண்டாள். நனைந்ததை அவனே தள்ளிக்கொண்டு போனான்.

"எவ்ளோ எண்ணெய் அக்கா. வண்டி ஓட்டியிருக்கலாம்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் சீக்கிரமே வந்து, பையிலிருந்து ஜட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக் முன்னால் கசக்கினாள். அவன் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்தான்.

"இது மழை. அடுத்தது... இது பேப்பர். அடுத்தது... ம், இது பரவால்ல."

"அதுதான் நேத்து என் காலை வாரினது."

அவன் யோசித்தான். உள்ளே வந்து மைக்கை ஒரு சாண் மேலே தூக்கி முகத்துக்கு நேராகத் திருப்பினான். நாற்காலியில் கனத்த போர்வையை மடித்துப் போட்டான்.

"ஒழுகாதது எது?"

"மழை."

"அப்ப மழையவே போட்டுக்கங்க. தலைவர் கேட்டா மைக் பழசுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"பாவம், இப்ப மைக் மேல பழியா?"

"நாற்காலி எவ்ளோ நாள்தான் சுமக்கும்?"

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் செய்தியை வாசித்துக்கொண்டே, வேண்டுமென்றே ஒரு முறை அசைந்தாள். சரசரப்பு அவள் காதுக்குக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்புக்காது தலையைத் தூக்கவில்லை.