கழுத்தில் ஊத்தை

என் மகளுக்குப் பத்து வயது நடந்தபோது அவளுடைய பிடரியில் கறுப்பாக ஒரு பட்டை படர்ந்திருந்தது. அதை ஊத்தை என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிணற்றடியில் அவளை இருத்தி, தேங்காய்த் தும்பும் சவர்க்காரமுமாகத் தேய்த்தேன்.

"அம்மா, எரியுது!"

"ஊத்தையோட பள்ளிக்கூடம் போனா ரீச்சர் என்னைத்தான் கேப்பா" என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில், பிள்ளையின் கழுத்தில் ஊத்தை தெரிந்தால் தாயின் மானம் போய்விடும். அதைக் காப்பாற்றப் பிள்ளையின் தோல் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஆள் நான்.

தோல் புண்ணானதுதான் மிச்சம். அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டொக்டர் என்னைவிட வயதில் நன்றாக இளைய பிள்ளை. முதலில் மகளின் கழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, இது ஊத்தை இல்லை. சீனியைச் சமாளிக்க உடம்பு கஷ்டப்பட்டாலும் இப்பிடிக் கறுக்கும். ரத்தம் சோதிச்சுப் பாப்பம்."

சோதித்தார்கள். ரத்தத்தில் சீனி சலரோகத்தின் எல்லைக்குக் கிட்ட வந்து நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை, இப்போதே கவனித்தால் இறக்கலாம் என்றார். சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டச் சொன்னார். இனிப்பையும் சோடாவையும் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஓடி விளையாட விடச் சொன்னார். மூன்று மாதத்தில் திரும்பி வரச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழுந்தது சீனி என்ற ஒரு சொல் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்துக்குச் சலரோகம் புதிய விருந்தாளி இல்லை. கலியாண வீட்டுக்குப் போகுமுன் ஒரு மருந்துக் குளிசை கூடுதலாகப் போட்டுவிட்டு, அங்கே லட்டுக்குக் கை நீட்டுகிற பரம்பரை எங்களுடையது. அப்படி நீட்டி நீட்டித்தான் என் அப்பாவுக்கு ஒரு கால் போனது. அவருடைய ஊன்றுகோலை வைத்து விளையாடி வளர்ந்தவள் என் மகள். அவளுக்கும் அது வருவதை நினைக்கப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வரும். வீட்டுக்கு வந்த கையோடு சீனிப் போத்தலைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கும் சலரோகம்தான். அது அவர்கள் பாடு.

விஷயம் கேள்விப்பட்டுக் கணவரின் அக்கா வந்தார். கையில், ஓலையில் பின்னிய சின்னக் குட்டான்களில் பனங்கட்டி.

"மச்சாள், சீனிதான் கூடாது. பனங்கட்டி ஒண்டும் செய்யாது. அது மருந்தெல்லே!"

நம்பினேன். தீவாருக்குக் கடவுளைத் திட்டவும் வாய் வரும், பனையைக் குறை சொல்ல வராது. தேத்தண்ணி குடிக்கும்போது பனங்கட்டியைக் கடித்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். முன்பு நகத்தளவு துண்டு கொடுப்பேன். இப்போது மருந்தாகிவிட்டதே என்று பெரிதாக உடைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒன்று, படிக்க இருந்தால் ஒன்று. முகம் சுளிக்காமல் என் மகள் சாப்பிட்ட ஒரே மருந்து அதுதான்.

மூன்று மாதம் கழித்து, பரிசு வாங்கப் போகிறவள் போல ஆஸ்பத்திரிக்குப் போனேன். அளவு முன்னையதைவிடக் கூடியிருந்தது.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?"

"சீனியைக் கண்ணாலயும் காட்டுறேல்லை டொக்டர். பனங்கட்டி மட்டுந்தான்."

"எவ்வளவு?"

நான் வாய் திறக்க முதல் மகள் சொன்னாள், "கிழமைக்கு ரெண்டு குட்டான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அதுவும் சீனிதான் அம்மா. பனையில இருந்து வந்ததோ கரும்பில இருந்து வந்ததோ எண்டு ரத்தம் விசாரிக்காது."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, என் கையாலேயே உடைத்து உடைத்துக் கொடுத்தேனே என்பதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

அதற்குப் பிறகு டொக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டேன். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறையும் பயத்தங்காயும், கால்வாசிக்கு மீன், மிச்சத்துக்குத்தான் சோறு. வீடு முழுக்க வெறும் தேத்தண்ணி. முதல் கிழமை கணவர் அந்தத் தேத்தண்ணியைச் செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் வீடுகளில் சோடா நீட்டினால், "வேண்டாம் மாமி, தண்ணி தாங்கோ" என்பாள் மகள். மாமிமார் அவளை விட்டுவிட்டு என்னை முறைப்பார்கள். பின்னேரங்களில் இரண்டு பேரும் இறங்குதுறை வரைக்கும் போவோம். அவள் ஓடுவாள், நான் மூச்சு வாங்குவேன்.

அப்படிப் போன ஒரு நாள், வெக்கை தாங்காமல் துறைக்கட்டில் குந்தியிருந்து தலைமயிரைத் தூக்கிக் கொண்டை போட்டேன். பின்னால் நின்ற மகளின் விரல் என் பிடரியில் பட்டது.

"அம்மா, உங்கட கழுத்திலயும் ஊத்தை."

நான் கொண்டையை அவிழ்த்துக் கழுத்தை மறைத்தேன்.

"தும்பு எடுத்துக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டுச் சிரித்தாள். குறும்பில் என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த முறை இரண்டு பேரும் கை நீட்டி ரத்தம் கொடுத்தோம். மகளின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. என்னுடையது எல்லையைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. என்ன சாப்பாடு என்ற பழைய கேள்வியை டொக்டர் இந்த முறை என்னைப் பற்றிக் கேட்டார்.

"எல்லாரும் சாப்பிடுறதுதான்" என்றேன்.

"இல்லை டொக்டர்" என்றாள் மகள். "மிச்சப் பனங்கட்டியை எறிய மனமில்லாமல் அலுமாரியில, சீலைக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கிறா. நான் நித்திரை எண்டு நினைச்சு எடுத்துச் சாப்பிடுறவ."

வரிசையில் நின்ற சனம் மறுபடி சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் கேட்டாள்.

"அம்மப்பான்ர காலை எடுத்த மாதிரி அம்மான்ர காலையும் எடுப்பினமோ?"

கவனமாக இருந்தால் எடுக்க வேண்டி வராது என்றார் டொக்டர். மகள் நம்பாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைப் பூட்டித் திறப்பை அவளுடைய கையில் கொடுத்தேன்.